மேனிஃபோல்டு பேக்கிங்: மலைப்பாதையில் கார் ஓட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் ஏற்காடு போகும் சாலையோரம் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் வரும் கார்களில் பெரும்பகுதி மலையேறி இறங்கும் வண்டிகள்: காப்பித் தோட்டக்காரர்கள், விடுதி நடத்துபவர்கள், வாரக் கடைசியில் குடும்பத்தோடு மேலே போய்வருபவர்கள். மேனிஃபோல்டு பேக்கிங் பற்றி இவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். நின்றபடியே சொல்லும் பதில் பாதியில் முடிந்துவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

மேனிஃபோல்டு என்பது எது? பேக்கிங் என்பதும் கேஸ்கெட் என்பதும் ஒன்றா?

ஒன்றுதான். கடைப் பெட்டியில் கேஸ்கெட் என்று அச்சிட்டிருக்கும்; பட்டறையில் பேக்கிங் என்போம்.

என்ஜினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கு ஒரு பக்கம் காற்று உள்ளே போகிறது, மறுபக்கம் எரிந்த புகை வெளியே வருகிறது. ஒரே குழாயில் வரும் காற்றை மூன்று அல்லது நான்கு சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது இன்டேக் மேனிஃபோல்டு. ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வரும் புகையைச் சேர்த்து ஒரே குழாயில் அனுப்புவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. இந்த இரண்டும் ஹெட்டோடு சேரும் இடத்தில் நடுவே இருப்பதுதான் பேக்கிங். இரண்டு உலோக முகங்களை எவ்வளவு இழைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருந்தே தீரும். அந்த இடைவெளியை அடைப்பது அதன் வேலை.

இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி பேக்கிங்தானா?

இல்லை. இரண்டுக்கும் உறவே கிடையாது என்று சொல்லலாம்.

இன்றைய கார்களில் இன்டேக் மேனிஃபோல்டு பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலான் பிளாஸ்டிக். அதன் முகத்தில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஒரு பள்ளம் ஓடும். அதில் ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கும். அதற்குச் சூடு பெரிய பகை இல்லை, வயதுதான் பகை. பல வருடம் அழுத்தத்திலேயே இருந்த ரப்பர் தட்டையாகிவிடும். கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும்: புதிய வளையத்தின் விளிம்பு உருண்டையாக, விரலில் அழுத்தினால் துள்ளும். பழையதன் மேற்பகுதி சவரம் செய்ததுபோல் தட்டையாக, நகத்தால் கீறினால் தடம் அப்படியே நிற்கும்.

எக்ஸாஸ்ட் பக்கம் வேறு உலகம். பெட்ரோல் என்ஜினில் முழு இழுவையில் புகையின் வெப்பம் 850 முதல் 950 டிகிரி வரை போகும். டீசலில் அதைவிடக் குறைவு, ஆனாலும் ரப்பர் கரியாகிவிடும் சூடுதான். அதனால் அங்கே மெல்லிய எஃகுத் தகடுகளை இரண்டு மூன்றாக அடுக்கி, துளையைச் சுற்றி வரப்பு மாதிரி ஒரு மேடு அழுத்தி எடுத்த பேக்கிங் வரும். சில வண்டிகளில் கிராஃபைட் பூசிய தகடு. அந்தத் தகடும் துருப்பிடிக்காத எஃகு வகைதான். கஞ்சமலை அடிவாரத்து உருக்காலையால் சேலத்துக்காரர்களுக்குப் பழகிய பெயர் அது. ஆனால் வீட்டுத் தட்டு டம்ளர் எஃகுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இது ஸ்பிரிங் குணம் உள்ளது. அந்த மேடு அழுந்தி, பிறகு மீண்டு, முகத்தோடு ஒட்டியே நிற்க வேண்டும். ஒருமுறை முழுதாக அழுந்திய மேடு பழைய உயரத்துக்குத் திரும்பாது.

ஏற்காட்டில் காலையில் ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக்' என்று சத்தம். கீழே சேலத்தில் அஸ்தம்பட்டி வருவதற்குள் நின்றுவிடுகிறது. என்ன காரணம்?

நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பெரும்பாலும் எக்ஸாஸ்ட் பேக்கிங் கசிவு. வால்வு சத்தம் என்று நினைத்து ஆயில் மாற்றிவிட்டு வருபவர்கள் நிறைய.

காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 500 டிகிரி சூடேறினால் 2 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும். அது பூட்டப்பட்டிருக்கும் அலுமினிய ஹெட்டைத் தண்ணீர் குளிர்விக்கிறது. ஹெட்டின் சூடு 70 டிகிரி அளவே ஏறும். அலுமினியம் இரும்பைப்போல் இரண்டு மடங்கு விரியக்கூடியது என்றாலும் அதன் நீட்சி முக்கால் மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆகவே ஒவ்வொரு முறை மலையேறும்போதும் மேனிஃபோல்டு ஹெட்டின் மேல் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு வழுக்கி நகர்கிறது. ஆறும்போது திரும்பி வருகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட பேக்கிங் இரண்டு பக்கமும் தேய்படுகிறது. மேனிஃபோல்டைப் பூட்ட ஹெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மறை போட்ட கம்பிகளுக்கு ஸ்டட் என்று பெயர்; ஓரத்து ஸ்டட்டுகள் வளைந்து நிமிர்கின்றன.

சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவு உயரம். ஏற்காடு 1,500 மீட்டர் அளவு. 20 கொண்டை ஊசி வளைவுகளில் முதல், இரண்டாம் கியரிலேயே 1,200 மீட்டர் ஏறுகிறோம். மேனிஃபோல்டு செக்கச் சிவக்கக் காய்கிறது. மேலே போனதும் பனிக்குளிரில் வண்டியை நிறுத்துகிறோம். சமவெளியில் ஓடும் வண்டிக்கு இந்தக் காய்ச்சலும் குளிரும் இத்தனை கடுமையாக வராது.

இப்போது சத்தத்துக்கு வருவோம். குளிர்ந்திருக்கும்போது மேனிஃபோல்டின் ஓரம் மயிரிழை விலகியிருக்கும். ஒவ்வொரு முறை அந்தச் சிலிண்டர் புகையைத் தள்ளும்போதும் ஒரு 'டிக்'. ஓட ஓட இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துவிடும். சத்தம் நின்றுவிட்டது என்பதால் கோளாறு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில மாதங்களில் சூட்டிலும் நிற்காமல் கேட்கும். அதற்குள் புகை அரித்து ஹெட்டின் முகத்திலேயே பள்ளம் போட்டிருந்தால் செலவு வேறு கணக்கு.

ஒரு எச்சரிக்கை: இதே சத்தம் மேனிஃபோல்டில் விரிசல் விட்டிருந்தாலும் வரும். கழற்றும்போது இரண்டு குழாய்கள் சேரும் கவட்டையை டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

மலை இறங்கி வந்து சிக்னலில் நின்றால் ஐடிலிங் (ஆக்சிலேட்டரை அழுத்தாதபோது என்ஜின் ஓடும் வேகம்) ஏறி ஏறி இறங்குகிறது. மேலே இருந்தபோது நன்றாகத்தான் இருந்தது.

இது இன்டேக் பக்கத்துக் குறி. பெட்ரோல் வண்டிக்குச் சொல்கிறேன்.

கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது, காற்று வரும் வழியைத் திறந்து மூடும் திராட்டில் மூடியிருக்கும், பிஸ்டன்கள் வேகமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் மிக ஆழமாகப் போவது அந்த நேரத்தில்தான். தளர்ந்த ரப்பர் வளையத்தை உள்பக்கம் இழுத்து விலக்கிவிடுகிறது. கீழே வந்து நின்றதும், திராட்டில் வழியாக வராத காற்று அந்த இடுக்கு வழியாக நுழைகிறது. கம்ப்யூட்டர் அதைச் சரிக்கட்டப் பார்க்கிறது. அந்தத் தடுமாற்றம்தான் ஏறி இறங்கும் ஐடிலிங். பானெட்டைத் திறந்து காதை வைத்தால் பாம்பு சீறுவதுபோல் மெல்லிய சத்தம் கேட்கலாம்.

இதற்காக யாரும் நியூட்ரலில் இறங்க ஆரம்பித்துவிட வேண்டாம். கியரில் இறங்குவதுதான் பிரேக்கைக் காப்பாற்றும், உங்களையும் காப்பாற்றும். மாற்ற வேண்டியது ரப்பரை.

ஸ்கேனரில் பி 0171 என்ற கோளாறு எண் வந்தது. ஆக்சிஜன் சென்சரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

அவசரப்படாதீர்கள். அந்த எண்ணுக்கு அர்த்தம் 'கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்' என்பது மட்டும். புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் அந்தச் சென்சர் கெட்டுவிட்டது என்று அது சொல்லவே இல்லை. சொன்ன செய்தி பிடிக்கவில்லை என்று தபால்காரரை மாற்றுவது போன்றது இது.

ஒரு பெரியவர், தோட்டத்து வண்டி. வேறோர் இடத்தில் சென்சரை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். டாஷ்போர்டில் என்ஜின் எச்சரிக்கை விளக்கு அணைந்து ஒரு வாரத்தில் மறுபடி எரிந்தது. என்னிடம் வந்தபோது ஸ்கேனரை மாட்டி, எரிபொருள் திருத்தம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, எவ்வளவு என்று ஐடிலிங்கில் பார்த்தேன். கூட்டல் 24 சதவீதம். ஆக்சிலேட்டரை அழுத்தி நிமிடத்துக்கு 2,500 சுற்றில் நிறுத்தினேன். 4 சதவீதத்துக்கு இறங்கியது. அந்த ஒரு சோதனையிலேயே பாதை தெரிந்துவிட்டது. கசிவின் துளை ஒரே அளவுதான். ஐடிலிங்கில் என்ஜின் குடிக்கும் காற்றே கொஞ்சம், அதில் கசிவின் பங்கு பெரிது. சுற்று ஏறினால் குடிக்கும் காற்று பல மடங்கு, கசிவின் பங்கு கரைந்துவிடும். பெட்ரோல் பம்ப்போ ஃபில்டரோ பழுதென்றால் எதிராக நடக்கும்: சுற்று ஏற ஏறத் திருத்தமும் ஏறும். அந்த வண்டியில் மூன்றாம் சிலிண்டர் வாயிலிருந்த ரப்பர் வளையம் வெடித்திருந்தது. மாற்றினோம், முடிந்தது.

இந்தச் சோதனை காற்றின் அளவை நேரடியாக அளக்கும் சென்சர் உள்ள வண்டிகளில்தான் இவ்வளவு தெளிவாகப் பேசும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடும் வண்டிகளும் நம் ஊரில் ஏராளம். அவற்றில் கசிந்து நுழைந்த காற்றும் அழுத்தமாகக் கணக்கில் வந்துவிடுவதால் கலவை பெரிதாகக் கெடாது. ஐடிலிங் மட்டும் உயரும். உங்கள் வண்டியில் எந்தச் சென்சர் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: எக்ஸாஸ்ட் கசிவும் இதே எண்ணைக் காட்டக்கூடும். புகை தொடர்ந்து ஓடுவதில்லை, விட்டு விட்டு வருகிறது. ஒவ்வொரு தள்ளலுக்கும் பின்னால் ஒரு கணம் உறிஞ்சல் உண்டு. அப்போது கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே நுழையும். அதை முகர்ந்த சென்சர் 'காற்று அதிகம்' என்கிறது. கம்ப்யூட்டர் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டுகிறது. மைலேஜ் குறையும், நாளடைவில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறிக் கெடும். அதன் விலையை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள், பேக்கிங்கைத் தள்ளிப்போட மனம் வராது.

ஏற்காட்டின் உயரமே காரணமாக இருக்கலாம் அல்லவா? மேலே காற்று மெல்லியதுதானே?

அங்கே காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. இழுவை சற்றுக் குறைவது அதனால்தான், அது இயல்பு. இன்றைய கம்ப்யூட்டர் அதை அறிந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். சத்தமோ, துள்ளலோ, விளக்கோ உயரத்தால் வருவதில்லை.

காருக்குள் லேசாகப் புகை வாடை வருகிறது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டால் போதுமா?

போதாது. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் தயவுசெய்து என் பேச்சைத் தட்டாதீர்கள்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிந்தால் புகை பானெட்டுக்குள்ளேயே சுழலும். வண்டிக்குள் காற்று எடுக்கும் வாய் முன் கண்ணாடியின் அடியில், பானெட்டின் பின்விளிம்பை ஒட்டி இருக்கிறது. வெளிக்காற்று நிலையில் ஏசி ஓடினால் நேராக உங்கள் மூக்குக்கு வருகிறது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே இல்லை. நீங்கள் முகர்வது அதோடு வரும் மற்ற வாயுக்களை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வதைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக அந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், கிறக்கம், தூக்கம். மே மாதக் கோடை விழா நெரிசலில் கொண்டை ஊசி வளைவில் வண்டி அசையாமல் நிற்கும், ஏசி ஓடும், பின் இருக்கையில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். வளைவுகளால் வந்த தலைச்சுற்றல் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

வாடை வந்தால் கண்ணாடிகளை இறக்குங்கள். வசதியான இடம் பார்த்து நிறுத்தி என்ஜினை அணையுங்கள். எல்லோரும் இறங்கிக் காற்றாட நில்லுங்கள். யாருக்காவது தலைவலியோ கிறக்கமோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வண்டியைச் சரிசெய்யும்வரை அதில் யாரையும் ஏற்றாதீர்கள். மேலே குளிருக்காக என்ஜினை ஓடவிட்டு வண்டிக்குள் தூங்குவது, கசிவு இல்லாத வண்டியிலும் கூடாது.

டீசல் வண்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

எக்ஸாஸ்ட் பக்கம் பெரும்பாலும் பொருந்தும். இன்டேக் பக்கம் தலைகீழ். புகையின் வேகத்தில் சுழலும் டர்போ காற்றை அழுத்தித் தள்ளுவதால் இழுவையின்போது காற்று உள்ளே நுழையாது, வெளியே ஓடும். வளைவில் ஏறும்போது இழுவை குறையும், ஊதல் சத்தம் கேட்கும், பின்னால் கறுப்புப் புகை வரும். அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிந்தாலும் டர்போ சுழலப் போதிய புகை கிடைக்காமல் அதே இழுவைக் குறைவு வரும். பழைய டீசல் வண்டிகளில் இன்டேக்கைக் கழற்றினால் உள்ளே கரி களிபோல் அப்பியிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் புதுப் பேக்கிங் மட்டும் போட்டு மூடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பட்டறைக்குப் போகும் முன் வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும். எக்ஸாஸ்ட் பக்கத்துக்கு, இரவு முழுக்க ஆறிய என்ஜின் வேண்டும். ஒரு மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை மேனிஃபோல்டின் விளிம்பையொட்டி நகர்த்துங்கள். ஸ்டார்ட் செய்த முதல் ஒரு நிமிடம்தான் உங்கள் நேரம். கசியும் இடத்தில் 'டிக்' காதுக்குள் அடிப்பதுபோல் கேட்கும். மின்விசிறிப் பக்கம் கையோ, துப்பட்டாவோ, குழாயோ போகக் கூடாது. அணைத்த பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். கசிவுள்ள வாயருகே கரி விசிறிபோல் விரிந்திருக்கும். விசிறியின் காம்பு கசியும் இடத்தைக் காட்டும்.

இன்டேக் கசிவுக்கு கார்புரேட்டர் கிளீனரை அடித்து ஐடிலிங் மாறுகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. சூடான என்ஜினில் அது தீ. என் பட்டறையில் அதைச் செய்வதில்லை. புகை இயந்திரம் உள்ள இடத்துக்குப் போனால் குறைந்த அழுத்தத்தில் வெள்ளைப் புகையை உள்ளே செலுத்துவார்கள். ஐந்து நிமிடத்தில் கசிவு தானே வந்து முகம் காட்டும்.

புதுப் பேக்கிங் வாங்காமல் சிலிக்கான் பசை தடவி ஒட்டிவிடலாமா?

எக்ஸாஸ்டில் கருகிவிடும். இன்டேக்கில் பிதுங்கிய பசை துணுக்காகி என்ஜினுக்குள் போகும். அதன் ஆவி ஆக்சிஜன் சென்சரையும் கெடுக்கக்கூடும். ரப்பர் வளையம் வழுக்கி விலகவும் அதுவே காரணமாகும். வேண்டாம்.

கழற்றிய பழைய பேக்கிங்கையே திருப்பிப் போடலாமா?

கூடாது. நேற்றுதான் போட்டது என்றாலும் கூடாது.

இன்டேக் பேக்கிங்கை நானே மாற்றலாமா?

ஸ்பானர் பிடித்துப் பழக்கம் இருந்தால், சாதாரண பெட்ரோல் வண்டியில், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கலாம். பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் என்ஜினும் டீசலும் வேறு. அவற்றின் எரிபொருள் குழாயில் இருக்கும் அழுத்தம் தோலைத் துளைத்துவிடும். அவற்றை வீட்டில் திறக்காதீர்கள்.

ஆறிய என்ஜின், கழற்றிய பேட்டரி நெகட்டிவ், இறக்கிய பெட்ரோல் அழுத்தம். இந்த மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு இணைப்பையும் பிடுங்கும் முன் செல்போனில் படம் எடுங்கள். மேனிஃபோல்டின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு தாங்கு போல்ட் ஒளிந்திருக்கும். வரவில்லையே என்று நெம்பிப் பிளாஸ்டிக்கை உடைப்பது அங்கேதான்.

மேனிஃபோல்டு வெளியே வந்த நொடியே ஹெட்டின் துளைகளைச் சுத்தமான துணியால் அடையுங்கள். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் மொத்த ஹெட்டும் இறங்க வேண்டிவரும். எத்தனை துணி வைத்தீர்கள் என்று எண்ணி வைத்து, அத்தனையையும் எடுத்த பின்புதான் பூட்ட வேண்டும். முகத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்யுங்கள். உப்புத்தாள், கிரைண்டர் வட்டு எதையும் அலுமினியத்தின் மேல் வைக்காதீர்கள். தேய்க்கும் வட்டிலிருந்து உதிரும் தூள் ஆயிலில் கலந்தால் பேரிங்குகளைத் தின்றுவிடும். தேய்த்த இடமும் பள்ளமாகும்.

எவ்வளவு இறுக்கிப் பூட்ட வேண்டும்?

உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுதான் இறுதி. பொதுவாகச் சொன்னால், பிளாஸ்டிக் இன்டேக்கில் வரும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்கு 8 முதல் 12 நியூட்டன் மீட்டர் வரை. 10 என்பது எவ்வளவு தெரியுமா? 20 சென்டிமீட்டர் ஸ்பானரின் முனையில் 5 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிடும் பலம், அவ்வளவே. முழுக்கையால் இறுக்குபவர்கள் இதைவிட மூன்று மடங்கு போட்டுவிடுகிறார்கள். ஹெட்டின் அலுமினிய மறை உரிந்துவிடுகிறது. எக்ஸாஸ்டில் 8 மில்லிமீட்டர் ஸ்டட்டுகளுக்கு 20 முதல் 30 வரை என்பது பொது வழக்கம்.

அளவைவிட வரிசை முக்கியம் என்பேன். நடுவில் தொடங்கி இரண்டு ஓரங்களை நோக்கி, இரண்டு மூன்று சுற்றில் ஏற்றுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் புடைப்பு மாட்டிக்கொள்ளும். தரையில் பாய் விரிக்கும்போது சுருக்கத்தை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுகிறோமே, அதே முறை.

எக்ஸாஸ்ட் வேலையில் ஸ்டட் உடைந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

உண்மை. எக்ஸாஸ்ட் பக்கத்தை வீட்டில் தொட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம். பல வருடம் காய்ந்து ஆறிய ஸ்டட்டும் நட்டும் ஒன்றாகவே ஆகியிருக்கும். பானெட்டைத் திறந்ததும் முதலில் ஸ்டட்டுகளை எண்ணுங்கள். பல நேரங்களில் ஓரத்து ஸ்டட் ஏற்கெனவே உடைந்து காணாமல் போயிருக்கும். கசிவுக்கே அதுதான் காரணமாக இருக்கும்.

முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைப்பேன். காலையில் நட்டை முதலில் கால்பங்கு இறுக்கும் திசையில் அசைப்பேன், பிறகு தளர்த்துவேன், மறுபடி இறுக்கு. பூட்டிய இடத்திலேயே முன்னும் பின்னுமாகப் பத்து முறை. கையில் உள்ள ஸ்பானர் பேசும். இறுக்கமாகக் கிறீச்சிட்டு வந்தால் நல்லது, அது துரு உடைவது. திடீரென்று சத்தமே இல்லாமல் மென்மையாக, வெண்ணெயில் சுற்றுவதுபோல் சுற்றினால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். உள்ளே ஸ்டட் முறுகிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் எண்ணெயைத் துடைத்துவிட்டு, நட்டை மட்டும் கேஸ் சுடரால் காய்ச்சினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

அப்படியும் உடைந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில் புது நட்டை வைத்து வெல்டிங் செய்வோம். வெல்டிங் சூடே துருவை இளக்கும்; ஆறியதும் நட்டைத் திருகினால் துண்டும் சேர்ந்து வரும். முகத்தோடு முகமாக உடைந்தால் நடுவில் துளையிட்டு எடுக்க வேண்டும். துளை ஒரு மயிரிழை விலகினாலும் அலுமினியம் போய்விடும். இந்த வேலையை அவசரப்பட்டுச் செய்ய முடியாது. "மதியத்துக்குள் வேண்டும்" என்று கேட்பவர்களுக்கு அதனால்தான் நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஸ்டட்டும் நட்டும் புதியதாகவே போடுங்கள். அதிர்வில் தளராதபடி சற்று நசுக்கிய வாய் கொண்ட நட்டு அது; ஒருமுறை ஏறினால் அந்தப் பிடி போய்விடும்.

போன வருடம் மாற்றிய பேக்கிங் மறுபடி போய்விட்டது. மட்டமான பொருளைப் போட்டுவிட்டார்களோ?

இருக்கலாம். ஆனால் என் அனுபவத்தில் பேக்கிங் குற்றவாளியாக இருப்பதைவிடச் சாட்சியாக இருப்பதே அதிகம். அடிக்கடி போகிறதென்றால் முகம் வளைந்திருக்கிறது. ஒரு நேரான எஃகு அளவுகோலை முகத்தின் நீளத்துக்கு நிறுத்தி, அடியில் இடைவெளியை அளக்கும் மெல்லிய ஃபீலர் தகட்டை, 0.10 மில்லிமீட்டர் அளவில், நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் நான் அந்த மேனிஃபோல்டை அப்படியே திருப்பிப் பூட்ட மாட்டேன். சேலத்து லேத் பட்டறைகளில் அதை இழைத்துத் தருவார்கள். எல்லாத் துளைகளின் முகமும் ஒரே மட்டத்தில் வரும்படி ஒரே பிடிப்பில் இழைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் இன்டேக் வளைந்திருந்தால் இழைக்க முடியாது, புதிதுதான்.

இன்னொரு காரணம், கழற்றிய தாங்கு பட்டையைத் திரும்பப் போடாமல் விடுவது. மேனிஃபோல்டையும் அதன் கீழ்க் குழாயையும் பிடித்திருக்கும் அந்தச் சின்னப் பட்டை இல்லையென்றால் மொத்தப் பாரமும் பேக்கிங்கின் தலையில் விழும்.

என் காரில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையே காணோமே?

சில புதிய என்ஜின்களில் அது ஹெட்டோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருக்கும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் வரும் 1.0 டிஎஸ்ஐ என்ஜின் அப்படிப்பட்டது. நான் மேலே சொன்ன ஒன்றரை மில்லிமீட்டர் இழுபறி அங்கே இல்லை. டர்போவும் ஹெட்டும் சேரும் இடத்தில் ஒரே ஒரு பேக்கிங். கசிந்தால் அங்கே பாருங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

பேக்கிங்கின் விலை பெரும்பாலான வண்டிகளில் சில நூறு ரூபாயில் தொடங்கும். செலவு கூலியில்தான். இன்டேக் என்றால் இரண்டு முதல் நான்கு மணி நேர வேலை. எக்ஸாஸ்ட் அரை நாள், ஸ்டட் உடைந்தால் ஒரு நாளும் மேலும். மதிப்பீடு கேட்கும்போது 'ஸ்டட் உடைந்தால் எவ்வளவு' என்பதையும் சேர்த்தே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய பேக்கிங்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். கரி எந்த வாயருகே ஓடியிருக்கிறது என்று அது காட்டும்.

மாற்றிய அன்றே மலையேறலாமா?

ஒரு நாள் பொறுங்கள். முதலில் ஐடிலிங்கில் சூடேறும்வரை ஓடவிடுங்கள். எண்ணெய் பட்ட இடத்திலிருந்து லேசான புகையும் வாடையும் பத்து நிமிடம் வரும், அது போய்விடும். பேட்டரியைக் கழற்றியிருப்பதால் ஐடிலிங் சற்றுத் தடுமாறலாம். கம்ப்யூட்டர் மறுபடி கற்றுக்கொள்ளும். பிறகு அடிவாரம்வரை ஒருமுறை போய்த் திரும்புங்கள். இரவு ஆறவிடுங்கள். நடுவில் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டாம்; உங்கள் வண்டிப் புத்தகம் அப்படிச் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

மறுநாள் காலை ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து, முதல் ஒரு நிமிடம் ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேளுங்கள். அணைத்த பிறகு ஒரு வெள்ளைத் துணியைக் குச்சியில் சுற்றி, பேக்கிங்கின் விளிம்பை ஒட்டி ஒவ்வொரு வாயருகிலும் தடவி எடுங்கள். துணியில் கரி ஒட்டவில்லை என்றால் மலையேறுங்கள்.